பழைய காரின் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் வழுக்குகிறதா? இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

லீவரை 'டி'-யில் போட்டு இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் வண்டி நகர்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. இரண்டாவது கியருக்கு மாறும்போது முதுகில் ஓங்கி ஒரு குத்து. பழைய ஆட்டோமேட்டிக் காரை ஆசைப்பட்டு வாங்கியவர்களுக்கு இதில் ஏதாவது ஒன்று சீக்கிரமே வந்து சேரும். சொன்ன மாத்திரத்தில் "பாக்ஸ் முடிஞ்சுது, இறக்கிப் பிரிச்சுடலாம்" என்று சொல்லவும் ஆள் இருப்பார்கள். தயவுசெய்து அதற்கு உடனே தலையாட்டாதீர்கள். நன்றாக இருக்கும் பாக்ஸை அனாவசியமாகப் பிரித்துக் கோத்தால் அது பழையபடி ஓடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வெளியே இருக்கும் கோளாறு அப்படியே இருந்தால், புதிதாகக் கோத்த பாக்ஸும் அதே மாதிரிதான் நடந்துகொள்ளும்.

நான் இங்கே பேசுவது கம்ப்யூட்டர் வராத காலத்து மூன்று கியர் கொண்ட பாக்ஸ்களைப் பற்றி. ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ-ஹைட்ராமேட்டிக் 350, 400, கிரைஸ்லரின் டார்க்ஃபிளைட் 904, 727, ஃபோர்டின் சி4, சி6, பல நாட்டுக் கார்களிலும் வந்த போர்க்-வார்னர் 35 என்று இந்த வரிசை. ஸ்கேனர் மாட்டிப் பார்க்க இவற்றில் இடமே கிடையாது. அதனால் பயப்பட வேண்டாம், கண், மூக்கு, காது, ஒரு வேக்குவம் கேஜ், ஒரு ஆயில் பிரஷர் கேஜ் இவ்வளவு இருந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

உள்ளே நடப்பது இதுதான். இன்ஜின் சுற்றும்போது முன்னால் இருக்கும் பம்ப் ஆயிலை அழுத்தத்தோடு வால்வு பாடிக்கு, அதாவது ஆயிலை எந்தப் பக்கம் விடுவது என்று தீர்மானிக்கும் வால்வுகளின் தொகுப்புக்கு, அனுப்புகிறது. எப்போது கியர் மாற வேண்டும் என்று வால்வு பாடிக்கு இரண்டு பக்கத்திலிருந்து சேதி வருகிறது: வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கவர்னர் சொல்கிறது, நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்று வேக்குவம் மாடுலேட்டரோ த்ராட்டில் கேபிளோ சொல்கிறது. இரண்டையும் எடைபோட்டு, எந்த கிளட்சை, எந்த பேண்டை (டிரம்மைச் சுற்றி இறுக்கும் உலோகப் பட்டையை) பிடிக்க வைக்க வேண்டுமோ அங்கே ஆயிலைத் திறந்துவிடுகிறது. ஆக ஒரு பாக்ஸ் தகராறு செய்தால் ஆயில் அழுத்தம் போதவில்லை, அல்லது சேதி தப்பாக வருகிறது, அல்லது பிடிக்க வேண்டிய கிளட்ச் தேய்ந்துவிட்டது. கடைசி ஒன்றுக்குத்தான் பாக்ஸை இறக்க வேண்டும். மற்ற இரண்டையும் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே பெரும்பாலும் சரிசெய்யலாம்.

முதலில் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்

ஸ்பேனரைத் தொடும் முன் அறிகுறியை எழுதுங்கள். எந்த கியரில் வழுக்குகிறது, எந்த மாற்றத்தில் உதைக்கிறது, காலையில் குளிர்ந்த இன்ஜினிலா, அரைமணி நேரம் ஓட்டிய பிறகா, திடீரென்று வந்ததா, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியதா, அதற்கு முன் வண்டியில் வேறு என்ன வேலை நடந்தது. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் கார்புரேட்டர் மாற்றிய அடுத்த வாரமே பாக்ஸ் கெட்டது என்றால் நீங்கள் பார்க்க வேண்டிய முதல் இடம் கார்புரேட்டர் பக்கம்தான்.

குளிரா சூடா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. காலையில் வழுக்கி, சூடானதும் சரியாகிவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் வயதாகி இறுகிவிட்டன என்று சந்தேகப்படலாம். சூடானதும் அவை கொஞ்சம் இளகிப் பிடித்துக்கொள்கின்றன. காலையில் நன்றாக இருந்து சூடானதும் வழுக்கினால் கதை வேறு: ஆயில் சூட்டில் நீர்த்துப்போய் எங்கோ தேய்ந்த இடத்தில் கசிகிறது, அல்லது ஃபில்டர் அடைபட்டிருக்கிறது. கொஞ்ச தூரம் போய் இழுவையே நின்று, ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மறுபடி ஓடினால், என் முதல் சந்தேகம் ஃபில்டர் மேல்தான்.

இன்னொரு விஷயம், பல வாரம் நிறுத்தி வைத்த வண்டி முதல் தடவை 'டி'-யில் போடும்போது மட்டும் தாமதித்தால் அதை நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டார்க் கன்வெர்ட்டரில் (இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாக பாக்ஸுக்குக் கடத்தும் உருளையில்) இருந்த ஆயில் மெல்ல இறங்கி பேனுக்கு (பாக்ஸின் அடித்தட்டுக்கு) போயிருக்கும், அது திரும்ப நிரம்பும் வரை வண்டி காத்திருக்கும். நியூட்ரலில் ஒரு நிமிடம் ஐடில் ஓட விட்டுப் பிறகு கியரில் போடுங்கள்.

ஆயில்: அளவு, நிறம், வாசனை

அளவு பார்ப்பதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள், ஏனென்றால் இன்ஜின் ஆயில் மாதிரி இன்ஜினை அணைத்துவிட்டு டிப்ஸ்டிக்கை எடுக்கிறார்கள். அணைத்துவிட்டுப் பார்த்தால் கன்வெர்ட்டர் ஆயில் பேனில் இறங்கி அளவு அதிகமாகக் காட்டும், நீங்களும் திருப்தியாக மூடிவிடுவீர்கள். சரியான முறை: வண்டியை இருபது நிமிடமாவது ஓட்டி நன்றாகச் சூடாக்குங்கள், சமதளத்தில் நிறுத்துங்கள், ஹேண்ட்பிரேக் போட்டு, கால் பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் ஒரு தடவை மெதுவாகக் கொண்டுபோய்த் திரும்புங்கள், இன்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை எடுங்கள். டர்போ-ஹைட்ராமேட்டிக்கிலும் ஃபோர்டு பாக்ஸ்களிலும் லீவர் பார்க்கில் இருக்க வேண்டும். பழைய டார்க்ஃபிளைட்டில் மட்டும் நியூட்ரலில் வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பார்க்கில் அதன் கன்வெர்ட்டருக்கு ஆயில் போவதில்லை.

டிப்ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருப்பது பெரும்பாலும் அரை லிட்டர்தான். குறைந்தால் கால் லிட்டர் கால் லிட்டராக ஊற்றுங்கள். அதிகமாகிவிட்டால் அதுவும் ஆபத்துதான். சுற்றும் பாகங்கள் ஆயிலை மத்தால் கடைவது போலக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு அழுத்தம் கிடையாது, அப்புறம் ஆயில் குறைந்த வண்டி மாதிரியே இதுவும் வழுக்கும். நுரை வென்ட் (காற்றுத் துளை) வழியாக வெளியே வந்து சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டினால் தீப்பிடிக்கவும் கூடும்.

அளவு பார்த்தாகிவிட்டதா, இப்போது அதே டிப்ஸ்டிக்கின் நுனியை ஒரு வெள்ளை டிஷ்யூ தாளில் தொட்டு வையுங்கள். நல்ல ஆயில் சிவப்பாகவோ லேசான செம்பழுப்பாகவோ ஒரே சீராகப் பரவும். கெட்ட ஆயில் நடுவில் ஒரு கரும்பொட்டை விட்டுவிட்டு விளிம்பில் மட்டும் பரவும், அந்தக் கரும்பொட்டுதான் கிளட்சிலிருந்து உதிர்ந்த தூள். விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று தட்டுப்படுகிறதா என்று. முகர்ந்து பாருங்கள். ரொட்டி கருகிய மாதிரி ஒரு நெடி அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது, அந்த நெடியை ஒரு தடவை உணர்ந்தவர்கள் பிறகு மறப்பதில்லை.

ஆயில் ரோஸ் நிறத்தில், பால் கலந்த மாதிரி இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள், ஒரு கிலோமீட்டர் கூட ஓட்ட வேண்டாம். பாக்ஸ் ஆயிலைக் குளிரவைக்கும் குழாய் ரேடியேட்டருக்குள் இருக்கிறது. அது ஓட்டையாகி கூலன்ட் உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீரும் கூலன்டில் இருக்கும் கிளைக்கால் திரவமும் கிளட்ச் லைனிங்கை (உராய்ந்து பிடிக்கும் மேற்பரப்பை) ஒட்டியிருக்கும் பசையையே விட வைத்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் ஆறுதல் சொல்வதில்லை. ரேடியேட்டரை மாற்ற வேண்டும், பாக்ஸையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

எந்த ஆயில் ஊற்றுவது? பழைய பாக்ஸ்களில் இரண்டு குடும்பம் இருக்கிறது. ஒன்று டெக்ஸ்ரான் வகை, மற்றது டைப் எஃப். 1960-களின் பிற்பகுதியிலிருந்து 1970-களின் நடுப்பகுதி வரை வந்த ஃபோர்டு பாக்ஸ்களும் பல போர்க்-வார்னர் 35-களும் டைப் எஃப் கேட்கும். டைப் எஃப் கிளட்சை வெடுக்கென்று பிடிக்க வைக்கும், டெக்ஸ்ரானில் உராய்வைப் பதப்படுத்தும் சேர்மானம் இருப்பதால் மெதுவாகப் பிடிக்கும். ஒன்று கேட்கும் பாக்ஸில் மற்றதை ஊற்றிவிட்டு உதைக்கிறது, வழுக்குகிறது என்று கவலைப்பட்டு அலைந்தவர்கள் உண்டு. உங்கள் வண்டியின் வொர்க்ஷாப் மேனுவல் சொல்வதை மட்டும் ஊற்றுங்கள். சீல் வீங்கட்டும் என்று பிரேக் ஆயிலைக் கொஞ்சம் கலக்கச் சொல்லும் ஒரு பழைய கைவைத்தியம் இன்னும் உலவுகிறது. இரண்டு நாள் சரியானது போல இருக்கும், பிறகு சீல்கள் கூழாகிவிடும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வெளியே இருந்து வரும் சேதி சரியா?

ஆயில் நன்றாக இருந்தால் அடுத்தது இது. என் அனுபவத்தில் அதிகம் தேறுவதும் இங்கேதான்.

லீவரையும் பாக்ஸையும் இணைக்கும் லிங்கேஜிலிருந்து ஆரம்பியுங்கள். அதில் இருக்கும் சின்ன ரப்பர், நைலான் புஷ்கள் ஐம்பது வருஷத்தில் பொடியாகிவிடும். லீவர் 'டி'-யைக் காட்டும், பாக்ஸுக்குள் வால்வு 'டி'-க்கும் நியூட்ரலுக்கும் நடுவில் நின்றுகொண்டிருக்கும், ஆயில் பாதிதான் திறக்கும், கிளட்ச் வழுக்கும். அடியில் லிங்கேஜைக் கழற்றி, பாக்ஸ் பக்கத்து லிவரைக் கையால் ஒவ்வொரு இடமாகத் தள்ளிப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் 'டிக்' என்று உட்காரும். அது உட்காரும் இடமும் உள்ளே லீவர் காட்டும் இடமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ராடின் நீளத்தைச் சரிசெய்யுங்கள்.

அடுத்து வேக்குவம் மாடுலேட்டர். டர்போ-ஹைட்ராமேட்டிக் 350, 400, சி4, சி6 இவற்றிலெல்லாம் பாக்ஸின் பக்கவாட்டிலோ பின்புறமோ சின்ன டப்பா மாதிரி ஒன்று திருகியிருக்கும், அதிலிருந்து ஒரு குழாய் இன்ஜினின் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுப்புக்கு) போகும். இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது வேக்குவம் அதிகம், மிதித்தால் குறையும். வேக்குவம் குறைந்தால் டிரைவர் நன்றாக மிதிக்கிறார் என்று மாடுலேட்டர் புரிந்துகொண்டு அழுத்தத்தைக் கூட்டி, கியர் மாற்றத்தையும் தள்ளிப்போடும். குழாய் வெடித்திருந்தால்? நீங்கள் மெதுவாகப் போனாலும் முழுசாக மிதிப்பதாகவே அது நினைக்கும். தாமதமாக, முரட்டுத்தனமாக மாறும்.

நண்பர் ஒருவருடைய வண்டி அப்படித்தான் இருந்தது. சும்மா தொட்டு ஓட்டினாலும் ஐம்பது கிலோமீட்டர் வேகம் வந்த பிறகுதான் இரண்டாவது கியர் விழும், விழும்போது கையில் இருக்கும் டீ கொட்டுகிற மாதிரி ஒரு உதை. வால்வு பாடி போய்விட்டது, முழுசாகப் பிரிக்க வேண்டும் என்று ஒரு வொர்க்ஷாப்பில் சொல்லி, நாளும் குறித்துவிட்டார்கள். முந்தின நாள் மாலை நான் டார்ச்சோடு அடியில் படுத்தேன். மேலிருந்து பார்த்தால் இரும்புக் குழாயும் அதன் நுனியில் இருக்கும் ரப்பர் முழங்கையும் நன்றாகத்தான் இருந்தன. அந்த ரப்பரை விரலால் லேசாக வளைத்தேன், உள்வளைவில் உதடு பிளந்த மாதிரி ஒரு நீளமான வெடிப்பு திறந்து மூடியது. இன்ஜின் ஓடும்போது காதை வைத்தால் சீறல் கேட்டது. புது ரப்பர் மாட்டி அன்று இரவே ஓட்டிப் பார்த்தோம், இருபத்தைந்திலேயே இரண்டாவது கியர் விழுந்தது, விழுந்ததே தெரியவில்லை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டிக்கொண்டே இருந்தார்.

அதனால் இதை முறையாகச் செய்யுங்கள். மாடுலேட்டரிலிருந்து குழாயைக் கழற்றி அங்கேயே வேக்குவம் கேஜை மாட்டுங்கள், மேனிஃபோல்டு பக்கத்தில் அல்ல, பாக்ஸ் பக்கத்து நுனியில். நல்ல இன்ஜினில் ஐடிலில் ஏறக்குறைய 15 முதல் 21 அங்குலம் பாதரசம் வரை காட்டும், மிதித்துவிட்டால் உடனே விழுந்து உடனே திரும்பும். குறைவாகக் காட்டினால் குழாய் ஓட்டை, அல்லது இன்ஜினிலேயே டைமிங், வால்வு கோளாறு. அதை விட்டுவிட்டு பாக்ஸைத் தொடுவதில் பயனில்லை. குழாயைக் கழற்றும்போதே அதற்குள் பாருங்கள். சிவப்பு ஆயில் ஈரம் இருந்தால் மாடுலேட்டர் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது, இன்ஜின் உங்கள் பாக்ஸ் ஆயிலை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருக்கிறது. தரையில் ஒரு சொட்டு கசிவும் இல்லை, ஆயில் மட்டும் குறைகிறது, எக்ஸாஸ்டில் வெள்ளைப் புகை வருகிறது என்றால் இதுதான். மாடுலேட்டரை வெளியிலிருந்தே மாற்றிவிடலாம்.

இப்போது கேபிள், ராடு. டார்க்ஃபிளைட்டில் வேக்குவம் கிடையாது, கார்புரேட்டரிலிருந்து வரும் ஒரு ராடுதான் பாக்ஸுக்கு த்ராட்டில் சேதியைச் சொல்கிறது. 1980-களில் வந்த நான்கு கியர் 700ஆர்4-இலும் ஃபோர்டின் ஏஓடி-யிலும் கேபிளோ லிங்கேஜோ அந்த வேலையைச் செய்கிறது. இங்கே ஒரு முக்கியமான வித்தியாசத்தை மனதில் வையுங்கள். வேக்குவம் குழாய் கழன்றால் அழுத்தம் கூடும், வண்டி முரட்டுத்தனமாக மாறும், ஆனால் கிளட்ச் எரியாது. இந்த ராடு கழன்றாலோ தளர்ந்தாலோ அழுத்தம் குறையும், கியர் சீக்கிரமாக, வெண்ணெய் மாதிரி மாறும், ஓட்டுகிறவருக்குச் சுகமாகக்கூட இருக்கும், உள்ளே கிளட்ச் வழுக்கி எரிந்துகொண்டிருக்கும். கார்புரேட்டரை மாற்றிவிட்டு இந்த ராடை மாட்ட இடமில்லை என்று கம்பியால் கட்டி ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதைக்கும். அப்படி ஒரு வண்டி உங்களிடம் இருந்தால் ராடைச் சரியாக மாட்டி, அளவு வைக்கும் வரை தெருவில் இறக்காதீர்கள். டர்போ-ஹைட்ராமேட்டிக் 350-இலும் ஒரு கேபிள் உண்டு, ஆனால் அது முழுசாக மிதிக்கும்போது கியரை இறக்குவதற்கு மட்டும்தான், அது இல்லாவிட்டால் பாக்ஸ் எரியாது.

வண்டி முதல் கியரிலேயே நின்றுகொண்டு மாறவே மாட்டேன் என்றால் கவர்னரைப் பாருங்கள். டர்போ-ஹைட்ராமேட்டிக் 350-இலும் 400-இலும் அது வெளி மூடியைக் கழற்றினால் கையில் வந்துவிடும். வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம், நைலான் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம்.

பாக்ஸுக்குச் சம்பந்தமே இல்லாதவற்றையும் மறந்துவிட வேண்டாம். லீவர் போட்டவுடன் 'டங்' என்று அடித்தால் ஐடில் அதிகமாக இருக்கிறதா, டிரைவ் ஷாஃப்டின் யூ-ஜாயின்ட் ஆடுகிறதா, இன்ஜின் மவுன்ட் கிழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எந்த கியரில் வழுக்குகிறதோ அதுதான் சாட்சி

வெளியே எல்லாம் சரி, இன்னும் வழுக்குகிறது என்றால் காலியான சாலையில் ஓட்டிப் பாருங்கள். இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் மேலே சொன்ன மூன்று கியர் பாக்ஸ்கள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே கணக்கில்தான் ஓடுகின்றன.

ஃபார்வர்டு கிளட்ச் என்று ஒன்று, முன்னோக்கிப் போகும் எல்லா கியரிலும் அது பிடித்திருக்க வேண்டும். டைரக்ட் கிளட்ச் என்று இன்னொன்று, அது மூன்றாவது கியரிலும் ரிவர்ஸிலும் பிடிக்கும். இரண்டாவது கியருக்கென்று ஒரு பேண்டு, டர்போ-ஹைட்ராமேட்டிக்கில் அதற்குப் பதில் ஒரு கிளட்ச். ரிவர்ஸுக்கும், லீவரை '1'-இல் வைத்து ஓட்டும்போதும் பிடிக்க ஒரு பின்பக்க பேண்டு, சிலவற்றில் கிளட்ச். கடைசியாக, ஒரு திசையில் மட்டும் சுழல விடும் ஒருவழி கிளட்ச், 'டி'-யில் முதல் கியர் ஓடும்போது சுமையைத் தாங்குவது அதுதான்.

இப்போது சேர்த்துப் பாருங்கள். முன்னோக்கி எல்லா கியரிலும் வழுக்கி ரிவர்ஸ் மட்டும் நன்றாக இருந்தால் ஃபார்வர்டு கிளட்ச். மூன்றாவதும் ரிவர்ஸும் சேர்ந்து வழுக்கி, முதலும் இரண்டாவதும் நன்றாக இருந்தால் டைரக்ட் கிளட்ச், வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டாவது கியரில் மட்டும் இன்ஜின் கத்திவிட்டு மூன்றாவதில் பிடித்தால் இரண்டாவது கியர் பேண்டு. 'டி'-யில் போட்டால் நிற்குமிடத்திலிருந்து கிளம்ப மாட்டேன் என்கிறது, லீவரை '1'-க்கு இழுத்தால் நன்றாகக் கிளம்புகிறது என்றால் ஒருவழி கிளட்ச் போய்விட்டது, ஏனென்றால் '1'-இல் பின்பக்க பேண்டு துணைக்கு வந்துவிடுகிறது. ரிவர்ஸ் வழுக்குகிறது, '1'-இல் ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜின் பிரேக்கும் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பின்பக்க பேண்டு. நியூட்ரலில் போட்ட பிறகும் வண்டி முன்னால் ஊர்ந்தால் லிங்கேஜ் தப்பு, அல்லது ஃபார்வர்டு கிளட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது. எல்லா கியரிலும், ரிவர்ஸிலும் ஒரே மாதிரி வழுக்கினால் தனித்தனியாக எல்லாம் ஒரே நாளில் தேயாது, அழுத்தம்தான் இல்லை.

மெக்கானிக்கிடம் பேசும்போது முன் கிளட்ச், பின் கிளட்ச் என்று சொல்லாதீர்கள். டார்க்ஃபிளைட்டில் ஃபார்வர்டு கிளட்ச் பின்னால் இருக்கிறது, போர்க்-வார்னர் 35-இல் அதே கிளட்ச் முன்னால் இருக்கிறது. வேலையின் பெயரைச் சொன்னால் குழப்பம் வராது.

எல்லா கியரும் நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் கிளம்பும்போது மட்டும் வண்டி செத்த மாதிரி இருக்கிறது, வேகம் பிடித்த பிறகு சரியாக ஓடுகிறது என்றால் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயிலைத் திருப்பிவிடும் ஸ்டேட்டர் என்ற சக்கரத்தின் ஒருவழி கிளட்ச் சுழன்றுவிடுகிறது. நேர்மாறாக, நன்றாகக் கிளம்பி, நெடுஞ்சாலையில் வேகம் ஏறாமல் சூடாகிக்கொண்டே போனால் அதே கிளட்ச் இறுகிப் பூட்டிக்கொண்டது. இதைக் கண்டுபிடிக்க ஸ்டால் டெஸ்ட் என்று ஒன்று உண்டு: பிரேக்கை முழுசாக மிதித்து, 'டி'-யில் போட்டு, முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்து ஆர்.பி.எம். எதுவரை போகிறது என்று பார்ப்பது. ஐந்து விநாடிக்கு மேல் கூடவே கூடாது, வண்டிக்கு முன்னால் ஒருவரும் நிற்கக் கூடாது, முடிந்ததும் நியூட்ரலில் இரண்டு நிமிடம் ஓட விட்டு ஆற வைக்க வேண்டும். புதியவர்கள் இதை விட்டுவிடலாம் என்பேன். பழைய பிரேக்கையும் பழைய மவுன்ட்டையும் நம்பிச் செய்ய வேண்டிய சோதனை இது, ரோடில் ஓட்டிப் பார்த்ததிலேயே பெரும்பாலும் விடை கிடைத்திருக்கும்.

அழுத்தம் அளப்பது

300 பி.எஸ்.ஐ. வரை காட்டும் ஒரு கேஜ் வாங்குங்கள். ரிவர்ஸில் அழுத்தம் 200-ஐத் தாண்டிப் போகும், அதனால் சின்ன கேஜ் உதவாது. பாக்ஸின் பக்கத்தில் இருக்கும் பிளக்கைக் கழற்றி கேஜ் குழாயை மாட்டி, கேஜை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து உட்கார்ந்த இடத்திலிருந்து பாருங்கள். ஒவ்வொரு கியரிலும், குளிரிலும் சூட்டிலும் எழுதிக்கொண்டு மேனுவலின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். எல்லாவற்றிலும் குறைவு என்றால் ஃபில்டர், பம்ப், பிரஷர் ரெகுலேட்டர் வால்வு. ஒரே ஒரு கியரில் குறைவு என்றால் அந்த கிளட்சின் சீல் கசிகிறது. அழுத்தம் முழுசாக இருந்தும் வழுக்குகிறதா, அப்படியானால் லைனிங்கே இல்லை, பாக்ஸை இறக்கத்தான் வேண்டும்.

பேனைக் கழற்றினால்

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கொதித்தால் கை வெந்துவிடும். பின்பக்க போல்ட்டுகளை முதலில் கழற்றி, முன்பக்கத்தைத் தளர்த்தி மட்டும் விட்டால் பேன் சாய்ந்து ஆயில் ஒரே பக்கமாக வடியும்.

பேனின் அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய சேறு படிந்திருப்பது சகஜம், பயப்பட வேண்டாம். கருப்புத் துகள்கள் குவியலாக இருந்தால் கிளட்ச் லைனிங். பொன்னிறமாக மின்னினால் புஷ்ஷோ திரஸ்ட் வாஷரோ அரைபடுகிறது. காந்தத்தில் ஒட்டும் இரும்புச் சீவல்கள் என்றால் பேரிங்கோ பல்சக்கரமோ. ஃபில்டரைப் புதிதாக மாட்டும்போது அதன் கேஸ்கெட்டையோ ஓ-ரிங்கையோ மறக்காதீர்கள், அங்கே காற்று உறிஞ்சினால் பம்ப் கீச்சென்று முனகும், அழுத்தம் தாறுமாறாகும்.

பேனின் விளிம்பை ஒரு நேரான பலகையில் வைத்துப் பாருங்கள். முந்தைய ஆள் இறுக்கிய இறுக்கில் ஒவ்வொரு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் குழிந்திருக்கும், கட்டையில் வைத்துத் தட்டி நேராக்குங்கள். போல்ட்டுகளுக்கு டார்க் ரெஞ்சில் 10 முதல் 12 அடி-பவுண்டு போதும். அதற்கு மேல் இறுக்கினால்தான் கசிவே ஆரம்பிக்கும்.

பேனில் இறங்குவது மொத்த ஆயிலில் பாதிக்கும் குறைவு, மீதி கன்வெர்ட்டரில் இருக்கும். பழைய கன்வெர்ட்டர்கள் சிலவற்றில் வடிகால் பிளக் உண்டு, உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள். புது ஆயில் ஊற்றினால் பாக்ஸ் செத்துவிடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. செத்த பாக்ஸ்களெல்லாம் ஏற்கெனவே லைனிங் தீர்ந்துபோனவை, கடைசி முயற்சியாகத்தான் ஆயில் மாற்றினார்கள். கருகிய நெடி இல்லாத, வழுக்காத பாக்ஸுக்குப் புது ஆயிலால் நன்மை மட்டுமே.

பேண்டு அட்ஜஸ்ட்மென்ட்

இரண்டாவது கியரில் மட்டும் வழுக்குகிறது என்றால் இதைச் செய்து பார்க்காமல் பாக்ஸை இறக்காதீர்கள். சி4, சி6, டார்க்ஃபிளைட் மூன்றிலும் இரண்டாவது கியர் பேண்டின் திருகு வெளியிலேயே இருக்கிறது. சி4-இல் பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகை 10 அடி-பவுண்டுக்கு இறுக்கி, அங்கிருந்து சரியாக ஒன்றே முக்கால் சுற்று பின்னால் திருப்பி, திருகு அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். சி6-இல் அதே 10 அடி-பவுண்டு, பின்னால் ஒன்றரைச் சுற்று. டார்க்ஃபிளைட்டில் 72 அங்குல-பவுண்டு, எத்தனை சுற்று என்பது மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலைப் பாருங்கள். ஃபோர்டில் பூட்டு நட்டே ஆயிலை அடைக்கும் சீலும் கூட, அதனால் புது நட் போடுங்கள். திருப்பும் முன் திருகின் தலையில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எண்ணிக்கை தவறாது. டர்போ-ஹைட்ராமேட்டிக் 350-இலும் 400-இலும் இப்படித் திருகும் வசதி இல்லை.

இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால்

சரி, கருகிய நெடி, பேனில் குவியலாகக் கருந்தூள், அழுத்தம் இருந்தும் வழுக்கல், இவை சேர்ந்து வந்துவிட்டால் மேலும் ஓட்டாதீர்கள். உதிர்ந்த துகள் மற்ற நல்ல பாகங்களையும் கெடுத்துவிடும். வண்டியை இழுத்துச் செல்லும்போது பின்சக்கரம் தரையில் உருளக் கூடாது, அல்லது டிரைவ் ஷாஃப்டைக் கழற்றிவிட வேண்டும். இன்ஜின் ஓடாவிட்டால் பம்ப் ஓடாது, பம்ப் ஓடாமல் சக்கரம் சுற்றினால் உள்ளே எல்லாம் ஆயிலே இல்லாமல் உரசும்.

பிரித்துக் கோக்கக் கொடுக்கும்போது நீங்கள் எழுதிய தாளையும் கூடவே கொடுங்கள். கன்வெர்ட்டரைப் புதிதாகவோ, வெட்டித் திறந்து சுத்தம் செய்ததாகவோ போடச் சொல்லுங்கள், பழைய துகளெல்லாம் அங்கேதான் தங்கியிருக்கும். கூலர் குழாய்களைக் கழுவ வேண்டும். மாட்டிய பிறகு கூலரிலிருந்து திரும்பும் குழாயை ஒரு பாத்திரத்தில் விட்டு, நியூட்ரலில் ஐடிலில் 20 விநாடி ஓட்டினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில் வர வேண்டும், வரவில்லை என்றால் கூலர் அடைபட்டிருக்கிறது, புது பாக்ஸும் சூட்டில் வெந்துவிடும்.

நீங்களே மாட்டுவதாக இருந்தால் ஒரே ஒரு இடத்தில் அவசரப்படாதீர்கள். கன்வெர்ட்டரைப் பாக்ஸில் வைத்து, சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். 'டொக்' என்று ஒரு தடவை இறங்கும், அதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள், இன்னும் சுற்றுங்கள், மறுபடி இறங்கும், சிலவற்றில் மூன்றாவது தடவையும். கடைசியாக இறங்குவதுதான் பம்பைப் பிடிக்கும் பல். பாக்ஸை இன்ஜினோடு சேர்த்து, போல்ட்டுகளை இறுக்கும் முன் கன்வெர்ட்டரைக் கையால் சுற்றிப் பாருங்கள்: தாராளமாகச் சுற்ற வேண்டும், இன்ஜின் பக்கத்தில் கன்வெர்ட்டரைப் பூட்டும் தட்டான ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் நடுவில் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி இல்லாமல் போல்ட்டால் இழுத்து இறுக்கினால் பம்ப் உடைந்துவிடும். முதலில் நான்கு லிட்டர் ஊற்றுங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் ரேஸ் கொடுக்காமல் ஐடிலிலேயே வைத்து, கன்வெர்ட்டர் இழுக்க இழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேலும் ஊற்றுங்கள், டிப்ஸ்டிக்கில் அளவு நிலைத்த பிறகு மட்டும் லீவரைத் தொடுங்கள்.